கீழ்வீட்டு ஹன்னெக்கே தந்த இரண்டு உடுப்புகள்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுச் சோபாவில் ஒரு பையைக் கொட்டினேன். ஊதா நிறத்தில் வெல்வெட் சட்டை, முழங்காலுக்கு மேலே பூசணிக்காய் போல ஊதி நிற்கும் காற்சட்டை, இறகு குத்திய தொப்பி, சுருள் சுருளான கறுப்புப் பொய்முடி, வெள்ளைக் காலுறை ஒரு சோடி, வளையமாக ஒரு தோடு. ஒற்றைத் தோடு.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சுகந்தி கத்தியோடு வந்து நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஒன்றும் விழவில்லை.

“முகத்துக்குப் பூசுற மை எங்கை?”

“எனக்கு அது தேவையில்லையாம்.”

“ஆர் சொன்னது?”

“ஹன்னெக்கேதான்.”

சுகந்தி தோட்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அன்றைக்கு வெங்காயம் வழக்கத்தை விடச் சிறிதாக நறுக்கப்பட்டிருந்தது.

இந்தக் கதையை இத்தொடரில் எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். கடைசியில் சுகந்தியிடமே கேட்டேன். “எழுதுங்கோ, வெங்காயத்தை மட்டும் விட்டிடுங்கோ” என்றாள்.

கந்தோரும் கக்கூசும்

யூரோ வந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்த காலம். கொலோனிலிருந்து எஸ்-பான் ரயிலில் இருபது நிமிடம் தள்ளி ஒரு சிறிய ஊரில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டாம் மாடியில் இருந்தோம். நான் ஒரு மருத்துவமனைக் குசினியில் வேலை செய்தேன். எங்கள் மகள் ஆரணிக்கு எட்டு வயது.

எங்களுக்கு நேர் கீழே ஒல்லாந்துக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவன் விம் ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் எஞ்சினியர். மனைவி ஹன்னெக்கே. மகன் யோஸ்டுக்கு ஏழு வயது, மகள் லோட்டவுக்கு நான்கு. சுகந்தி முதல் நாளே அந்தப் பெயரை ‘ஹன் அக்கா’ என்று பிரித்துவிட்டாள். தன் பெயரை இந்த நாட்டில் சரியாக உச்சரிக்கும் ஒரே ஆள் சுகந்திதான் என்று ஹன்னெக்கே சொல்லித் திரிந்தார்.

அவர் என்னைத் தாசன் என்று கூப்பிடுவார். யேசுதாசன் என்பது நீளம். யேசுவை வெட்டிவிட்டுத் தாசனை வைத்துக்கொண்டார். அதற்கு என்ன பொருள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்களுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை எல்லாம் ஹன்னெக்கேதான் வாசித்துச் சொல்லுவார். குடியுரிமைக்கான அன்ட்ராக் விண்ணப்பத்தை அவர்தான் எங்களோடு இருந்து நிரப்பினார். அந்நியர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைத்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வருவார். பதிலுக்குச் சுகந்தி வடை சுட்டுக் கொடுப்பாள். யார் யாருக்கு அதிகம் செய்தார்கள் என்று இரண்டு வீட்டிலும் கணக்குப் பார்க்கவில்லை.

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, உங்கள் ஆட்கள் எங்கள் யாழ்ப்பாணத்தை நூறு வருடத்துக்கு மேல் ஆண்டார்கள் என்று சொன்னேன். ஹன்னெக்கேக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவில்லையாம். ஏதாவது விட்டுவிட்டுப் போனார்களா என்று கேட்டார். ஒரு கோட்டை, பிறகு இரண்டு சொற்கள் என்றேன். அலுவலகத்துக்குக் கந்தோர், கழிப்பறைக்குக் கக்கூஸ். இரண்டும் ஒல்லாந்துச் சொற்கள் என்று அப்போதுதான் எங்களுக்கு உறுதியானது. ஹன்னெக்கே கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சுகந்தியும் சிரித்தாள். ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் சேர்ந்து கக்கூசுக்குச் சிரித்த அந்தப் பின்னேரத்தை நான் மறக்கவில்லை.

ஐந்தாம் திகதிக் கிழவர்

டிசம்பர் ஆறாம் திகதி காலையில் ஜேர்மன் பிள்ளைகளின் சப்பாத்துகளுக்குள் சொக்கிலேட் இருக்கும். அர்ச்சிஷ்ட நிக்கொலாஸ் என்ற புனிதர் வைத்துவிட்டுப் போவது. ஒல்லாந்துக்காரருக்கு அதே நிக்கொலாஸ் ஒருநாள் முந்தி, ஐந்தாம் திகதி பின்னேரமே வந்துவிடுவார். அவர்கள் அவரைச் சின்டர்கிளாஸ் என்பார்கள், சுருக்கமாகச் சிண்ட்.

சிண்ட் சிவப்பு மேலங்கி போட்ட ஆயர். ஸ்பெயினிலிருந்து கப்பலில் வருவார், வெள்ளைக் குதிரையில் கூரை மேலே போவார். குதிரைக்காகப் பிள்ளைகள் சப்பாத்துக்குள் கரட் வைப்பார்கள். அவர் கையில் ஒரு பெரிய புத்தகம். வருடம் முழுவதும் யார் என்ன செய்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். பரிசு கொடுக்க முதல் அதை எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார். குற்றம் செய்தவர் ஒரு பாட்டுப் பாடினால் மன்னிப்பு.

அவருக்கு ஒரு வேலைக்காரன் உண்டு. பெயர் பீட். மூட்டை தூக்குவது, கறுவா பிஸ்கட் எறிவது, குட்டிக்கரணம் போடுவது அவன் வேலை. முகம் முழுக்கக் கறுப்பு, உதடு சிவப்பு.

விம்மின் அண்ணன் கெரிட் வருடா வருடம் ஒல்லாந்திலிருந்து கார் ஓட்டி வந்து சிண்ட் வேடம் போடுவார். கூடவே அவருடைய மகன் முகத்தில் மை பூசிக்கொண்டு பீட்டாக வருவான். அந்த வருடம் மகனால் வர ஏலாது. ஹன்னெக்கே படிக்கட்டில் என்னைக் கண்டு, “டிசம்பர் ஐந்தாம் திகதி பின்னேரம் நேரம் இருக்கிறதா? பிள்ளைகளின் கொண்டாட்டத்துக்கு ஓர் உதவி...” என்று தொடங்கினார்.

நான் யா என்றேன், ஓம் என்று. ஜேர்மனிக்கு வந்த முதல் பத்து வருடங்களில், கேள்வி முடிய முன்னரே யா சொல்லப் பழகியிருந்தேன். நேரம் மிச்சம்.

மீதியை அவர் அதன்பிறகுதான் சொன்னார். “உங்களுக்கு மையே தேவைப்படாது, எவ்வளவு சுலபம் பாருங்கள்” என்று சந்தோசமாகச் சொன்னார். அதில் துளி விஷமும் இல்லை. அதுதான் கஷ்டம்.

மூன்றாவது அரசன்

இந்த வசனத்தை நான் கேட்பது அது முதல் தடவை இல்லை.

ஊரில் எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு நத்தாருக்கும் பாலன் பிறப்பு நாடகம் போடுவோம். நாடகம் பழக்கிய சிஸ்டர் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒருமுறை பார்ப்பார். வெள்ளைப் பிள்ளைகள் சம்மனசு, தேவதூதர். பொதுநிறம் இடையர். மூன்று அரசர்களில் ஒருவன் கறுப்பன், அந்த வேடம் எனக்கு. ஐந்து வருடம் தொடர்ந்து நான்தான். “உனக்குப் பூசத் தேவையில்லை மோனை, மை மிச்சம்” என்று சிஸ்டரும் சந்தோசமாகவே சொன்னார்.

சம்மனசு வேடம் போட்ட பிள்ளைகளுக்கு வசனம் அதிகம். எனக்கு ஒரு வரி. “வெள்ளைப்போளம் கொண்டு வந்தேன்.”

இந்தக் கதையைப் பல வருடங்களாகக் கலியாண வீடுகளில் பகிடியாகச் சொல்லி வந்தேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அதை மீண்டும் சொல்லி, “எங்கடை ஆக்களே செய்தவைதானே, இவ பாவம், என்னத்தைக் கண்டவ” என்றேன்.

சுகந்தி சிரிக்கவில்லை. “அப்ப உங்களுக்குப் பத்து வயசு. இப்ப நாப்பத்திரண்டு” என்றாள். பிறகு, “பேரும் தாசன்தானே. பொருத்தமாத்தான் இருக்கும்” என்றாள்.

ஆரணி அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன வருடம் அவளும் கீழ்வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தாள்.

“அப்பா, போன முறை எல்லாம் முடிய அந்த அண்ணா பாத்ரூமுக்குள்ளை போய் முகத்தைக் கழுவினவர்” என்றாள். “நீங்கள் என்ன செய்வீங்கள்?”

நான் சோற்றைப் பிசைந்தேன். அது ஏற்கெனவே பிசைந்த சோறு.

நான்கு தரம் இறங்கியது

ஏலாது என்று சொல்லுவதற்காக அடுத்த கிழமை மூன்று தரம் கீழே இறங்கினேன்.

முதல் தரம் ஹன்னெக்கே கதவைத் திறந்ததும் ஒரு கோப்பை பட்டாணி சூப்பைத் தந்தார். கையில் சூடான சூப்போடு ஒரு மனிதரை மறுக்க முடியாது. இரண்டாம் தரம் லோட்ட என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிண்டின் குதிரைக்குத் தான் வைத்த கரட்டைக் காட்டினாள். மூன்றாம் தரம் ஹன்னெக்கே எங்கள் குடியுரிமைக் கடிதம் பற்றி அலுவலகத்தோடு தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். எனக்காகச் சண்டை பிடிக்கும் ஆளிடம் நான் என்னத்தைச் சொல்ல?

ஒவ்வொரு தரமும் ஏதோ ஒரு தின்பண்டத்தோடு மேலே வந்தேன். சுகந்தி வாங்கி அலுமாரியில் வைத்தாள். கேள்வி கேட்கவில்லை.

நான்காம் தரம் போக முதல், வேலைக்குப் போகும் எஸ்-பானில் உட்கார்ந்து டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், மூன்று வசனம் எழுதி மனப்பாடம் செய்தேன். வேற்றுமை உருபு எங்கேயோ பிழைத்திருக்கும். ஆனால் விளங்கியது.

“ஹன்னெக்கே, நான் பீட்டாக வரமாட்டேன். எனக்குப் பூசத் தேவையில்லை என்று சொன்னீர்கள். அதுதான் காரணம்.”

(நாங்கள் டொச்சில் ஒருவரை ஒருவர் ‘டூ’ என்றுதான் பேசிக்கொண்டோம். தமிழில் எழுதினால் ‘நீ’ என்று வரவேண்டும். எனக்குக் கை வரவில்லை.)

ஹன்னெக்கே கழுத்திலிருந்து தொடங்கி நெற்றிவரை சிவந்தார். அந்த வருடம் கொண்டாட்டத்துக்காக நிறம் மாறிய முகம் அது ஒன்றுதான்.

உள்ளே செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த விம் எழுந்து வந்தார். “தாசன், இதைத் தவறாக எடுக்காதீர்கள். பீட் கறுப்பு மனிதன் இல்லை. புகைக்கூண்டால் இறங்குகிறான், அந்தக் கரி. அவ்வளவுதான்.”

“அப்படியென்றால் நீங்களும் இறங்கலாம்” என்றேன். “கரி எல்லோரிலும் பிடிக்கும்.”

நான் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மனப்பாடம் செய்யாத வசனம், தானாக வந்தது. விம் என்னைப் பார்த்தார். பிறகு அவண் அடுப்பில் ஏதோ இருப்பது போலப் போய்த் திறந்து பார்த்தார். அவணில் ஒன்றும் இல்லை.

ஹன்னெக்கே மூன்று தரம் வேக வேகமாக மன்னிப்புக் கேட்டு, நான் கொண்டுபோயிருந்த பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மேலே வந்து சொன்னேன். “சொல்லிப்போட்டியளோ?” என்றாள் சுகந்தி. “ஓம்.” “அழுதவவோ?” “தெரியேல்லை. கதவைச் சாத்திப்போட்டா.” “சொல்லத்தான் வேணும்” என்றாள் சுகந்தி. இருந்தாலும் அவள் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை.

அதன்பிறகு பத்து நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பிள்ளைகள் மட்டும் படிக்கட்டில் வழக்கம் போல விளையாடினார்கள். அந்நியர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் அகராதியை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினோம். எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்பதே பிடிபடவில்லை. மிகவும் கோபமாக இருந்த சுகந்திதான் முதலில் சொன்னாள். “ஹன் அக்கா இல்லாமல் வீடு வெறிச்செண்டு கிடக்கு.”

சிவப்பு மேலங்கி

ஐந்தாம் திகதி மத்தியானம் மணி அடித்தது. ஹன்னெக்கே ஒரு நீளமான அட்டைப் பெட்டியோடு நின்றார். முகம் வீங்கியிருந்தது.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலில் நின்றே சொல்லி முடித்தார். இந்த வருடம் பீட் இல்லாமல் செய்வோம் என்று கெரிட்டுக்கு அறிவித்தாராம். பீட் இல்லையென்றால் சிண்டும் இல்லை, யாரோ ஒருவருக்காகப் பழக்கத்தை மாற்ற ஏலாது என்று கெரிட் தொலைபேசியை வைத்துவிட்டாராம். அது நடந்து எட்டு நாள். மனம் மாறுவார் என்று அன்று காலைவரை பார்த்திருந்தாராம். விம் போட்டால் பிள்ளைகள் குரலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதோடு, விம் அண்ணன் பக்கம்.

“இது சிண்டின் உடுப்பு” என்று பெட்டியை நீட்டினார். “வேறு ஆள் இல்லை என்பதற்காக உங்களிடம் வரவில்லை.” நிறுத்தினார். “இல்லை, பொய். வேறு ஆள் இல்லை என்பதற்காகத்தான் வந்தேன். ஆனால் முதலிலேயே இந்தப் பெட்டியோடு வந்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று பத்து நாளாக யோசிக்கிறேன்.”

எனக்கு ஐயம் இருந்தது. ஓட்டையை அடைக்கத்தானே கூப்பிடுகிறார் என்ற கசப்பும் இருந்தது.

பின்னாலிருந்து சுகந்தி தமிழில் சொன்னாள். “இஞ்சேருங்கோ, அவ தன்ரை ஆக்களோடை சண்டை பிடிச்சுப்போட்டு வந்து நிக்கிறா. ஓம் எண்டு சொல்லுங்கோ.”

இந்தத் தடவை கேள்வி முடிந்த பிறகுதான் யா சொன்னேன்.

சுகந்தி பெட்டியைத் திறந்து மேலங்கியை உதறினாள். ஒரு வருடம் மடித்திருந்த மடிப்பு. “ஆயர் கசங்கின உடுப்போடை போறதோ?” என்று அயர்ன் போர்டை விரித்தாள். ஹன்னெக்கே அப்போதுதான் உள்ளே வந்தார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புத் துணியை நீவினார்கள். அலுமாரிக்கு மேலே இருந்த அலுவலகக் கடிதத்தை ஹன்னெக்கே எட்டி எடுத்து நின்றபடியே வாசித்து, “இன்னும் ஒரு பத்திரம் கேட்கிறார்கள், வேறொன்றும் இல்லை” என்றார்.

பெரிய புத்தகம்

வெளியே இருட்டத் தொடங்கியதும் கீழ்வீட்டுக் கதவைத் தடியால் மூன்று முறை தட்டினேன். வெள்ளைத் தாடி, வெள்ளைக் கையுறை, உயரமான ஆயர் முடி. வாசலில் ஹன்னெக்கே புத்தகத்தை என் கையில் திணித்தார். உள்ளே காலடி வைத்ததும் முடி விளக்கில் இடித்தது. பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். வீடு முழுக்கக் கறுவா வாசமும் தோடம்பழ வாசமும்.

லோட்ட பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தை நெருங்கி வந்து பார்த்தாள்.

“சிண்ட் கறுத்துப்போனார்” என்றாள்.

விம் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஹன்னெக்கே நிலத்தைப் பார்த்தார்.

யோஸ்ட் சலிப்போடு தங்கைக்கு விளக்கினான். “அவர் ஸ்பெயினில் இருக்கிறார், லோட்ட. அங்கே வெயில்.”

லோட்ட தலையாட்டினாள். அவளுக்கு அது போதும். நானூறு வருட விவகாரம் அந்த வீட்டில் அப்படித் தீர்ந்தது. அவள் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

நான் கதிரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். எனக்காக ஹன்னெக்கே டொச்சில், பெரிய எழுத்தில், விரலை வைத்து வாசிக்கக்கூடிய மாதிரி எழுதியிருந்தார். யோஸ்ட் மரக்கறியைப் பூச்சாடிக்குள் ஒளிக்கிறான். லோட்ட தகப்பனின் பல்தூரிகையைக் கக்கூசுக்குள் போட்டாள். ஆரணி வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று இரண்டு வீட்டிலும் பொய் சொன்னாள். ஆரணி என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. தனக்கு இந்த ஆயரை முன்பின் தெரியாது என்பது போல எழுந்து நின்று, பாட்டுப் பாடி, பரிசை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்து சுகந்தி. நல்ல சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். “இந்த வருடம் நல்லபடியாக நடந்துகொண்டீர்களா?” என்று சிண்டின் குரலில் கேட்டேன்.

“தாடி ஒரு பக்கத்தாலை கழருது, பிடியுங்கோ” என்றாள் தமிழில்.

அவர் என்ன சொல்கிறார் என்று யோஸ்ட் கேட்டான்.

“நல்லபடியாக நடந்தாராம்” என்று மொழிபெயர்த்தாள் ஆரணி.

தாடியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். மேலே ஹன்னெக்கே என்று பெயர் இருந்தது. புத்தகம் வாசலில்தான் என் கைக்கு வந்தது என்பதால் முன்பே பார்த்திருக்கவில்லை. வழக்கம்போலச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

“ஹன்னெக்கே இந்த வருடம் ஒரு நண்பரைப் பார்த்தார். ஆனால் அவருடைய தோலை மட்டும் பார்த்தார். அவர் அதைச் சொன்னபோது, வெட்கத்தில் கதவைச் சாத்தினார். மன்னிப்பை அவசரமாகக் கேட்டார். அது போதாது. எல்லோருக்கும் முன்னால் கேட்க வேண்டும் என்று சிண்ட் நினைக்கிறார்.”

பாதியில் என்ன வாசிக்கிறேன் என்று விளங்கிவிட்டது. நிறுத்த முடியவில்லை. கடைசி வரியில் என் குரல் சிண்டின் குரலாக இல்லை.

ஹன்னெக்கே எழுந்து என் முன்னால் வந்து நின்றார். குற்றம் செய்தவர் பாட வேண்டும். பாடினார். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. மீதியை லோட்ட பாடி முடித்தாள், அம்மாவுக்குச் சொல் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு.

நான் அந்தப் பக்கத்தைப் புத்தகத்திலிருந்து கிழித்தேன்.

யோஸ்ட் துள்ளி எழுந்தான். “சிண்ட் புத்தகத்தைக் கிழிக்கமாட்டார்!”

“இந்த வருடம் கிழிக்கிறார்” என்றேன்.

அதை நாலாக மடித்து மேலங்கிக்குள் வைத்தேன். ஹன்னெக்கே கையுறைக்கு மேலால் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தார். சுகந்தி தன் கைலேஞ்சியை அவருக்கு நீட்டினாள். பிறகு அதைத் திருப்பி வாங்கித் தானும் கண்ணைத் துடைத்தாள்.

விம் என்னோடு அதன்பிறகு மாசி மாதம்வரை பேசவில்லை. மாசியில் சலவை இயந்திரம் ஒன்றைத் தூக்க ஆள் தேவைப்பட்டது, வந்து கேட்டார். தூக்கிக்கொடுத்தேன். அடுத்த வருடம் சிண்டின் முடியை என் தலையில் சரியாகப் பொருத்திவிட்டவரும் அவர்தான். கெரிட் அதன்பிறகு வரவே இல்லை. ஹன்னெக்கே அதற்காக வருந்தினார் என்று தெரியும். என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

படிக்கட்டு

அன்று எல்லாம் முடிந்து, பிள்ளைகள் பரிசுகளில் மூழ்கியிருந்த நேரம், உடுப்பை மாற்றுவதற்கு நான் மேலே போக வேண்டும். தடியையும் ஊன்றிக்கொண்டு படி ஏறினேன்.

மூன்றாம் மாடியில் ஒரு ஜேர்மன் கிழவர் தனியாக இருந்தார். அந்தக் கட்டடத்துக்கு வந்த ஆறு வருடமும் ஒவ்வொரு காலையும் அவருக்கு வணக்கம் சொல்லி வந்தேன். ஒருநாளும் பதில் வந்ததில்லை. காது கேட்காது போல என்று சுகந்தி சொல்லுவாள். வானொலியை அவர் மெதுவாகத்தான் வைப்பார் என்று நான் சொல்லுவேன்.

அவர் அந்த நேரம் பார்த்துக் குப்பைப் பையோடு இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். சுவரோடு ஒதுங்கி வழி விட்டார். குப்பைப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்றக் கையால் தொப்பியைக் கழற்றினார்.

“குட்டன் ஆபென்ட், ஹெர் பிஷப்” என்று ஆயருக்கு மாலை வணக்கம் சொன்னார்.

நான் கையை உயர்த்தி ஆசீர்வதித்தேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது கீழே தபால்பெட்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றார். நான் என் பழைய ஜாக்கெட்டில் இருந்தேன். தாடி ஒட்டிய பசை கன்னத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம். வழக்கம்போல குட்டன் மோர்கன் என்று காலை வணக்கம் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கேயோ கண்ட முகம் என்பது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“மோர்கன்” என்றார்.